மட்டக்களப்புக் கல்லடியில் வளர்ந்த பிள்ளை பனியில் சறுக்கலாமா?

கேள்வி: கல்லடி அம்மா
மார்கழி விடுமுறைக்கு சூரிச்சில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். மகனுக்கு ஒன்பது வயது. பிள்ளைகள் மரவண்டியில் இருந்து மலைச்சரிவில் சறுக்கிவரும் வீடியோவை மாமா அனுப்பியதிலிருந்து வீட்டில் அதே கதைதான். கமுகம் பாளையில் இருத்தி முற்றத்து மணலில் இழுத்ததைத் தவிர அவனுக்கு வேறு பழக்கம் இல்லை. விடலாமா? என்ன உடுப்பு வேண்டும்? அம்மாவும் வருகிறா, அவவுக்கு முழங்கால் வருத்தம்.

பதில்: ஆரையம்பதியான், சூரிச்
அக்கா, பயப்படாமல் கூட்டிக்கொண்டு வாங்க. இங்கே அதை ஷ்லிட்டன் என்போம். பாளையை ஒருவர் இழுக்க வேண்டும், இது தானாகவே ஓடும். அதனால் முதலில் பழக்க வேண்டியது நிறுத்துவதைத்தான். இரண்டு சப்பாத்தின் அடியையும் ஒரே நேரத்தில் பனியில் பதித்து அழுத்த வேண்டும். ஒரு காலை மட்டும் ஊன்றினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும். திருப்புவதும் அப்படித்தான்: இடப்பக்கம் போக இடது காலை ஊன்றி, உடம்பையும் அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும்.

என் மகளின் முதல் நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஜீன்ஸும் கம்பளிக் கையுறையும் போட்டுக் கூட்டிப்போனேன். வளைவில் நான் வலது காலை மட்டும் ஊன்ற, இருவரும் ஓரத்துப் பனிக் குவியலுக்குள் போய் விழுந்தோம். அதற்கு அவள் அழவில்லை. மறுகா கையுறை நனைந்து விரல் விறைத்தபோதுதான் அழுதாள். கழற்றிப் பார்த்தால் விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. என் கமக்கட்டுக்குள் அந்தக் கைகளை வைத்துக்கொண்டே கீழே இறங்கினோம். நனையாத கையுறை இரண்டு சோடி, நீர் புகாத காற்சட்டை, பிடிப்புள்ள சப்பாத்து, ஹெல்மெட். இவற்றை இங்கேயே எடுக்கலாம், ஊரில் காசைக் கொட்ட வேண்டாம்.

பனி விழுந்திருந்தால் சூரிச்சை ஒட்டிய ஊட்லிபெர்க் மலையில் தொடங்குங்கள். சூரிச் நிலையத்திலிருந்து எஸ் 10 ரயில் மேலே போகிறது, அங்கிருந்து மலையடியில் இருக்கும் ட்ரீம்லி வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் சறுக்கல். ஆனால் உயரம் 870 மீட்டர்தான், மார்கழியில் பனியை நம்ப முடியாது.

பதில்: கல்முனை வாசகர்
நாங்கள் போனது பிரெடா என்ற மலை ஊரிலிருந்து கீழே பெர்க்யூன் ஊர் வரை இறங்கும் சறுக்குபாதைக்கு. பிரெடா 1,789 மீட்டர் உயரம், பனி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். குளிர்காலத்தில் வாகனங்களுக்கு மூடும் அல்புலா மலைப்பாதையே 6 கிலோமீட்டர் சறுக்குபாதையாகிறது. சறுக்கி முடிந்ததும் ரயிலில் ஏறித் திரும்ப மேலே போகலாம். அம்மா சறுக்கவே தேவையில்லை, பெர்க்யூனில் தேநீரோடு இருந்து பேரன் வருவதைப் பார்க்கட்டும். குப்புறப் படுத்துத் தலை முன்னால் போக மட்டும் விடாதீர்கள், எங்கள் மருமகன் அப்படிப் போய் நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது.

கல்லடி அம்மா
மிச்சம் நன்றி தம்பிமாரே. இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றுவதை இன்றைக்கே கடற்கரை மணல் மேட்டில் பாளையை வைத்துப் பழக்கப்போகிறேன். மகன் இப்போதே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான்.