‘போரும் வாழ்வும்’ படித்தவர்கள், உங்களை விடாத இடம் எது?

கொக்குவிலிலிருந்து:
டோல்ஸ்டாயின் நாவலை சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பில் இப்போதுதான் முடித்தேன். கதை எல்லாருக்கும் தெரியும்தானே. 1812, நெப்போலியனின் படை வர, மாஸ்கோ காலியாகிறது. கதாநாயகி நடாஷாவின் வீட்டு வண்டிகளில் கம்பளம், பீங்கான் எல்லாம் ஏற்றியாயிற்று. முற்றத்தில் காயப்பட்ட சிப்பாய்கள். அவள் தாயிடம் போய்க் கத்துகிறாள். சாமான்களை இறக்கி அவர்களை ஏற்றுகிறார்கள். அந்த இடம் வந்ததும் அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

1995 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த இரவு, மழை. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட ரோட்டோரம் ஒரு ஆச்சி குந்தியிருந்தார். “தம்பி, என்னையும் ஏத்துங்கோவன்.” எங்கள் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் அம்மாவின் தையல் மெஷின். சனத்துக்குள் ஊர்ந்துதான் போனோம், நிறுத்தியிருக்கலாம். அப்பா நிறுத்தவில்லை. மெஷின் இன்னும் வீட்டில் ஓடுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் எழும்பி வெளியே போய்விடுகிறேன்.

நெல்லியடியிலிருந்து:
அண்ணை, அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். நடாஷா வீட்டுக்கு வண்டிகள் வரிசையாக நின்றன. உங்களுக்கு அந்த ஒரு பெட்டி. போன இடத்தில் அந்த மெஷின்தானே சோறு போட்டிருக்கும்?

எனக்கு நடாஷாமேல் கோபம். ஒரு வருடம் பொறு என்று அவளுக்கு நிச்சயமான ஆந்த்ரேய் போகிறான், அதற்குள் அனத்தோல் என்ற இன்னொருவனோடு ஓடப் பார்க்கிறாள். 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் போகிற முகமாலைப் பாதை சண்டையால் பூட்டிய பிறகு படித்தேன். எனக்கு நிச்சயம் செய்தவர் பாதைக்கு அந்தப் பக்கம், கிளிநொச்சியில். அந்தப் பக்கத்தில் பென்சிலால் ‘சீ’ என்று அழுத்தி எழுதினேன், தாள் கிழிந்துவிட்டது.

சுன்னாகத்திலிருந்து:
அக்கா, அவள் சின்னப் பெட்டை. பிறகு, அடிபட்ட ஆந்த்ரேய் தங்களோடுதான் வருகிறான் என்று தெரிந்ததும், இரவில் வெறுங்காலோடு போய் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்கிறாளே, அந்தப் பக்கத்தில் என்ன எழுதினீர்கள்?

இனித் தொடங்குபவர்களுக்கு: பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முக்கிய பாத்திரமான பியரையே பியோத்தர் கிரிலோவிச் என்றும் கூப்பிடுவார்கள், குழம்பும். போர்க்களப் பகுதிகளைத் தாண்டாதீர்கள். வெள்ளைத் தொப்பியோடு பியர் பொரோதினோ போர்க்களத்தில் சுற்றுவதைத் தவறவிட்டால் அவனை விளங்காது. கடைசியில் வரும் வரலாற்று விவாதத்தை ஆறுதலாகப் படிக்கலாம். ஒரு நாளைக்கு இருபது பக்கம் போதும்.

நான் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆந்த்ரேய் சாகிற இடம் வர, “போதும் பிள்ளை, நாளைக்கு” என்றார். அடுத்த நாள் நானும் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.