பிரைட்லைன் டிஸ்னிக்குப் போக வேண்டுமா, யுனிவர்சலுக்கா?

மயாமிவாசி:

ஃப்ளோரிடாவில் மயாமியிலிருந்து ஓர்லாண்டோவுக்கு பிரைட்லைன் என்ற தனியார் ரயிலில் போகலாம் என்று டிக்கெட் பார்த்தபோது வந்த கேள்வி இது. ரயில் ஓர்லாண்டோ ஏர்போர்ட்டின் சி டெர்மினல் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் டிஸ்னிக்குப் போக இன்னும் பதினைந்து மைலுக்கு மேல், டாக்சியோ வாடகைக் காரோதான். மூன்றரை மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்து, வயதானவர்களையும் பிள்ளைகளையும் பெட்டிகளையும் இறக்கி மறுபடி ஒரு காரில் ஏற்றுவதற்கு, வீட்டு வாசலிலிருந்தே காரில் கிளம்பிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும்.

2020 நவம்பரில் டிஸ்னி ஸ்பிரிங்ஸில் ஸ்டேஷன் வரும் என்று டிஸ்னியும் பிரைட்லைனும் அறிவித்தார்கள். 2022 ஜூனில் பாதை போட்டித் தீம் பார்க்கான யுனிவர்சல் பக்கம் திரும்பியது, டிஸ்னி விலகிக்கொண்டது. இரண்டு கம்பெனிகள் பேசி முடித்த விஷயத்தில் ஓர்லாண்டோ இருக்கிற கவுன்ட்டியின் நிர்வாகம் ஏன் தலையிட்டது? தனியார் ரயில் தன் பயணிகள் எங்கே போகிறார்களோ அங்கே போவதுதானே முறை? நிலத்தைக் கொடுத்து யுனிவர்சல் ரயிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்றும் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கென்னவோ டிஸ்னி பாதைதான் சரி என்று படுகிறது.

தண்டவாளப்பித்தன்:

இந்தச் சண்டை பிரைட்லைன் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. 2000-ல் ஃப்ளோரிடா மக்கள் அதிவேக ரயில் வேண்டும் என்று வாக்களித்து மாநில அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள், 2004-ல் அவர்களே வாக்களித்து நீக்கினார்கள். அப்போதும் இதே இழுபறிதான்: ஏர்போர்ட்டிலிருந்து தெற்கே 417 டோல் சாலையை ஒட்டி நேராக டிஸ்னிக்கா, அல்லது 528 டோல் சாலைப் பக்கமாக, ஹோட்டல்கள் நிறைந்த இன்டர்நேஷனல் டிரைவ், கன்வென்ஷன் சென்டர் (மாநாட்டு மையம்) வழியாகவா. டிஸ்னிக்கு முதல் பாதை பிடித்தது, யுனிவர்சலுக்கும் இன்டர்நேஷனல் டிரைவ் ஹோட்டல்காரர்களுக்கும் இரண்டாவது. காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை. ஏர்போர்ட்டில் ஏறிய குடும்பம் நடுவில் எங்கும் நிற்காமல் டிஸ்னியில் இறங்கினால், அந்தக் குடும்பத்தின் ஒரு வார விடுமுறைப் பணம் பெரும்பாலும் டிஸ்னிக்குள்ளேயே செலவாகும். வழியில் இன்டர்நேஷனல் டிரைவில் ஒரு ஸ்டேஷன் இருந்தால் பாதிப் பேர் அங்கே இறங்கிவிடுவார்கள்.

அடுத்து வந்த டாம்பா–ஓர்லாண்டோ திட்டத்தில் இதற்கு ஒரு முடிவே கிடைத்திருந்தது. ஏர்போர்ட், கன்வென்ஷன் சென்டர், டிஸ்னி, லேக்லாண்ட் பக்கம் ஒன்று, டாம்பா என்று ஐந்து ஸ்டேஷன், மொத்தம் 84 மைல். இரண்டு தரப்பும் ஒரே பாதையில் இருந்தன. மத்திய அரசு 2.4 பில்லியன் டாலர் தரத் தயாராக இருந்தது. 2011 பிப்ரவரியில் கவர்னர் ரிக் ஸ்காட் அந்தப் பணமே வேண்டாம் என்று திருப்பிவிட்டார். அன்றைக்கு அதைக் கட்டியிருந்தால் இன்றைக்கு நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள் என்பது என் ஆதங்கம்.

அப்புறம், 'தனியார் ரயில்' என்ற வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி தனியார்தான், ஃபோர்ட்ரெஸ் முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருப்பது. மயாமியிலிருந்து கோகோ வரை ரயில் அதிபர் ஹென்றி ஃபிளாக்லர் காலத்திலிருந்து வரும் பழைய தண்டவாளத் தடத்திலேயே ஓடுகிறது. ஆனால் கோகோவிலிருந்து ஏர்போர்ட் வரை, மணிக்கு 125 மைல் வேகத்தில் ஓடுகிறதே அந்தப் பகுதி, 528 என்ற அரசு டோல் சாலையை ஒட்டிய இடத்தில் போடப்பட்டது. ஏர்போர்ட் ஸ்டேஷனைக் கட்டியது ஏர்போர்ட் ஆணையம். கட்டுமானக் கடனில் பெரும்பகுதி வரிவிலக்கு பெற்ற பாண்டுகள் (கடன் பத்திரங்கள்), அதற்கும் அரசு அனுமதி வேண்டும். ஏர்போர்ட்டுக்கு மேற்கே எந்தப் பாதையில் போனாலும் பொதுச் சாலை நிலம் இல்லாமல் ஒரு மைல் நகர முடியாது. இத்தனையும் பொதுவில் இருந்து வரும்போது, பாதை எங்கே என்று கேட்க கவுன்ட்டிக்கு முழு உரிமை உண்டு.

நிலம் கொடுத்தது உண்மை. யுனிவர்சலின் புதிய பார்க்கான எபிக் யுனிவர்ஸ் பக்கத்தில் 13 ஏக்கர், அதோடு 125 மில்லியன் டாலர் வரை பாண்டு மூலம் திரட்டித் தரும் திட்டம். நான் அதைத் தப்பாகப் பார்க்கவில்லை. ரயில் வருவதால் லாபம் அடைகிறவன் செலவில் பங்கு போடட்டும்.

வரவுசெலவு:

பித்தன் சார், வரலாறு சரி, முடிவு எனக்கு ஒப்பவில்லை.

ரயில் பிழைக்க வேண்டும் என்றால் பயணிகள் வேண்டும். 2005-லிருந்து டிஸ்னி தன் ஹோட்டல் விருந்தினர்களை ஏர்போர்ட்டிலிருந்து இலவச பஸ்ஸில் அழைத்துப் போனது. 2022 தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டது. அந்தக் கூட்டம் முழுக்க இப்போது காசு கொடுத்து ஏதாவது ஒரு வண்டியில் போகிறது. விமானத்திலிருந்து இறங்கியதும் அப்படியே ரயில் ஏறி டிஸ்னி ஸ்பிரிங்ஸ் போய், அங்கிருந்து ஹோட்டலுக்கு டிஸ்னி பஸ் பிடிக்க முடிந்திருந்தால், ஓர்லாண்டோவில் ஒரு ரயிலுக்கு இதைவிடப் பெரிய சந்தை கிடையாது. 417 பாதை கட்டுவதற்கும் எளிது.

பிரைட்லைனின் நிதி நிலைமையையும் பாருங்கள். 2025-ல் பாண்டுகளில் ஒரு பகுதிக்கு வட்டி கட்டுவதையே தள்ளிப்போட்டார்கள். அப்படிப்பட்ட கம்பெனியின் தலையில் செலவு கூடிய பாதையைக் கட்டி, உறுதியாகப் பயணிகளைத் தரக்கூடிய டிஸ்னியையும் வெளியே போக விட்டது நல்ல கணக்கா? டாம்பா வரை போக வேண்டிய ரயில் இன்னும் ஏர்போர்ட்டைத் தாண்டவில்லை. எங்கள் டாம்பாவில் இருக்கிறவர்களுக்கு எந்தத் தீம் பார்க் ஜெயித்தது என்பதில் அக்கறை இல்லை, ரயில் எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

ஹன்ட்டர்ஸ் க்ரீக் அம்மா:

'417 எளிது' என்று எழுதுகிறவர்கள் யாரும் 417 ஓரத்தில் குடியிருக்கவில்லை போலிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் சாலை, இந்தப் பக்கம் படுக்கையறை என்று வரிசையாக வீடுகள். சாலைச் சத்தத்துக்கு மேல் நாள் முழுக்க ரயிலும் போகும், எங்களுக்கு ஒரு ஸ்டேஷன்கூட கிடையாது. நாங்கள் எதிர்த்தது டிஸ்னியையோ ரயிலையோ அல்ல. சத்தத்தைத் தாங்குகிறவர்களுக்கு ஒரு பயனும் இல்லாத பாதையை எதிர்த்தோம், அது நியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

செல்வி_கிஸ்ஸிமி:

இத்தனை பேர் பேசியதில் சுற்றுலாப் பயணிகள் இருக்கிறார்கள், பாண்டு இருக்கிறது, அந்த அறைகளைச் சுத்தம் செய்து சாப்பாடு பரிமாறுகிறவர்கள் வரவே இல்லை. நான் இன்டர்நேஷனல் டிரைவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன், வீடு கிஸ்ஸிமியில். கிஸ்ஸிமியில் சன்ரெயில் என்ற உள்ளூர் ரயிலின் ஸ்டேஷன் இருக்கிறது. சான்ட் லேக் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லிங்க்ஸ் என்ற உள்ளூர் பஸ் பிடிக்க வேண்டும், பஸ் தவறினால் வேலைக்குத் தாமதம். சன்ரெயில் 2014-லிருந்து ஓடுகிறது, இன்னும் ஏர்போர்ட்டுக்கும் போகவில்லை, இன்டர்நேஷனல் டிரைவுக்கும் போகவில்லை. சனி, ஞாயிறு வண்டியே கிடையாது. ஹோட்டலிலும் பார்க்கிலும் வேலை அதிகமாக இருப்பதே அந்த இரண்டு நாளில்தான்!

இப்போது பேசுகிற சன்ஷைன் காரிடார் திட்டம் எங்களுக்கு முக்கியமானது, ஏனென்றால் அதில்தான் சன்ரெயிலும் பிரைட்லைனும் ஒரே பாதையில் ஏர்போர்ட்டிலிருந்து கன்வென்ஷன் சென்டர் வழியாக, டிஸ்னிக்குப் பக்கத்தில் ஐ-4 நெடுஞ்சாலை ஓரம் வரை போகும் என்கிறார்கள். 417 வழியாகப் போயிருந்தால் அது விமானத்தில் வருகிறவர்களுக்கான ரயில். இந்தப் பாதையில் வந்தால் நாங்களும் ஏறலாம். டிஸ்னியில் மட்டும் எழுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரால் வாடகைக் கார் எடுத்து வேலைக்குப் போக முடியும்?

தண்டவாளப்பித்தன்:

செல்வி அக்கா சொன்னதுதான் இந்த விவாதத்தின் மையம், நான் முதலிலேயே அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

வரவுசெலவு, உங்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போனது. சன்ரெயில் பொதுத்துறை ரயில் என்பதால் அது சேரும்போது மத்திய, மாநில மானியம் கேட்க வழி திறக்கிறது. பிரைட்லைன் தனியாக 417-ல் போனால் முழுச் சுமையும் அதன் கடன் கணக்கில்தான் ஏறும். பல பில்லியன் டாலர் ஆகிற வேலை, வட்டிக்கே தடுமாறுகிற கம்பெனியால் தனியாக முடியாது. ஆக, டாம்பாவுக்கு ரயில் வர நல்ல வழி இதுதான், தாமதம் ஆனாலும்.

கன்வென்ஷன் சென்டரையும் லேசாக எடைபோடாதீர்கள். கண்காட்சி இடம் மட்டும் 20 லட்சம் சதுர அடிக்கு மேல், நாட்டிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. மாநாட்டுக்கு வருகிறவர் பெரும்பாலும் ஒற்றை ஆள், ஒரு பெட்டி, கம்பெனிச் செலவு. ரயிலுக்கு அவரைவிடப் பொருத்தமான பயணி யார்? நான்கு பேர் குடும்பமாக வரும்போது நான்கு டிக்கெட்டை ஒரு கார் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்வார்கள். தவிர, டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பார்க் அல்ல, கடைகளும் உணவகங்களும் இருக்கிற இடம். அங்கே இறங்கினாலும் இன்னொரு பஸ் ஏறியே ஆக வேண்டும்.

டிஸ்னி மீது எனக்கு வருத்தம் உண்டு. புதிய பாதையில் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் ஸ்டேஷனுக்கு வாய்ப்பில்லை, அதனால் நாங்கள் இதில் இல்லை என்று ஒதுங்கிவிட்டார்கள். 536 சாலைப் பக்கம், ஐ-4 ஓரமாக யோசிக்கப்படும் ஸ்டேஷன் அவர்கள் எல்லைக்கு மிக அருகில். அங்கிருந்து ஓட்ட அவர்களிடம் பெரிய பஸ் படையே இருக்கிறது. நினைத்தால் முடியும்.

மயாமிவாசி:

சன்ரெயில் கோணத்தை நான் யோசித்ததே இல்லை, நன்றி செல்வி. ஆனால் டிஸ்னி அந்த ஸ்டேஷனுக்கு பஸ் விடாவிட்டால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இந்தப் பாதையால் பெரிய பயன் இல்லை என்பதில் மாற்றமில்லை. பொதுக் கருத்துக் கூட்டம் நடந்தால் என்ன கேட்பது?

தண்டவாளப்பித்தன்:

இரண்டு கேட்கலாம். 536 ஸ்டேஷன் முதல் கட்டத்திலேயே வருமா, இல்லை கன்வென்ஷன் சென்டரோடு நிறுத்திவிட்டு அது 'பிறகு' என்று போய்விடுமா? இப்படிப் 'பிறகு' என்று தள்ளப்பட்டவை இந்த மாநிலத்தில் நிறைய. அடுத்தது, பார்க்குகளுக்கு இணைப்பு பஸ் யார் பொறுப்பு என்பதை ஸ்டேஷன் ஒப்பந்தத்திலேயே எழுதுவார்களா? யுனிவர்சலுக்கும் இது பொருந்தும், எபிக் யுனிவர்ஸிலிருந்து அவர்களுடைய பழைய பார்க்குகள் சில மைல் தள்ளித்தான் இருக்கின்றன.

செல்வி_கிஸ்ஸிமி:

சன்ரெயில் சனி, ஞாயிறு ஓடுமா என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். எங்களில் பலருக்கு வேலை முடிய இரவு 11 மணி ஆகும், அதற்குப் பிறகு ஒரு வண்டி உண்டா என்றும் கேளுங்கள்.