பி-டாட் ப்ரோப் காட்டும் கூர்முனை காந்தப்புலமா, இரைச்சலா?

கேள்வி:
மேக்பை என்ற மின்துடிப்பு இயந்திரம் மாதிரி (1.4 மெகா ஆம்பியர், 240 நானோசெகண்ட் ஏற்றம்) பல்ஸில் இரண்டு வயர் அரேக்களைப் (மெல்லிய கம்பி வரிசைகளை) பக்கம்பக்கமாக வைத்து பிளாஸ்மாவை மோதவிடுகிறோம். பி-டாட் ப்ரோப் (காந்தப்புலம் மாறும் வேகத்தை அளக்கும் சிறு கம்பிச்சுருள்) சிக்னலில் கூர்முனைகள் வருகின்றன. நம்பலாமா?

மறுமொழி 1:
ஒற்றைச் சுருள் என்றால் நம்பாதீங்க. எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள் வையுங்கள். கழித்துப் பாதியாக்கினால் புலத்தின் மாறுவீதம். கூட்டினால் பிளாஸ்மாவிலிருந்து சுருளில் ஒட்டும் மின்னழுத்தத் தொற்று (இரைச்சல்) மட்டும். கூட்டலில் முனை தெரிந்தால் அது புலமே இல்லை. கேபிள் நீளம் சமமாக இருக்கணும். ஒரு மீட்டர் கூடினாலே சுமார் 5 நானோசெகண்ட் தள்ளிப்போய், கழித்தலே போலி முனையைக் கிளப்பும்.

மறுமொழி 2:
ப்ரோப்பை மோதல் அடுக்குக்குள் நுழைக்காதீங்க, முன்னால் வில் அதிர்ச்சி (தடையில் மோதும் பிளாஸ்மா எழுப்பும் அதிர்ச்சி அலை) உருவாகிவிடும். அங்கே ஃபாரடே சுழற்சிதான் (காந்தப்புலம் லேசரின் முனைவாக்கத் திசையைத் திருப்புவதை அளப்பது) சரி. 1053 நானோமீட்டர் லேசரில் சுழற்சி 532 நானோமீட்டரில் வருவதைப் போல சுமார் நான்கு மடங்கு. சுழற்சி எலக்ட்ரான் அடர்த்தியையும் பொறுத்தது, அதனால் அடர்த்திக்கு அதே கதிரில் இன்டர்ஃபெரோமெட்ரி (ஒளிக் குறுக்கீட்டு அளவீடு).

கேள்வி கேட்டவர்:
ஒற்றைச் சுருள்தான். மாற்றிச் சுற்றுகிறேன்.