சில்வர் உப்புகளில் ஃபிரெங்கல் குறைபாடு: ஆரக் கணக்கு இடிக்கிறது

திங்கட்கிழமை பிளஸ் டூ மாணவர்களுக்குப் படிகக் குறைபாடுகள் நடத்த வேண்டும். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஃபிரெங்கல் குறைபாடு என்றால், ஓர் அயனி படிகத்தில் தன் இடத்தை விட்டு மற்ற அயனிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குப் போய்விடுவது. வெள்ளி அயனி சிறியது, அதனால் இடம்பெயர்ந்து இடைவெளியில் உட்காரும் என்பதுதான் வழக்கமான விளக்கம். ஆனால் அணைவு எண் 6-க்கான (சுற்றிலும் ஆறு எதிரயனிகள்) ஷானன் அயனி ஆர அட்டவணையில் வெள்ளி அயனி 115 பிகோமீட்டர், சோடியம் அயனி 102. சிறியதுதான் நகரும் என்றால் சோடியமல்லவா முதலில் நகர வேண்டும்? சோடியம் குளோரைடில் மேலோங்குவதோ ஷாட்கி குறைபாடு (நேரயனியும் எதிரயனியும் சேர்ந்தே தம் இடங்களில் இல்லாமல் போவது). எதிரயனி வேறு என்றும் தப்பிக்க முடியாது. சில்வர் குளோரைடும் அதே பாறை உப்பு அமைப்புதான், அதிலும் ஃபிரெங்கல்தான்.

அப்புறம், அயனிச் சேர்மத்தில் சகப்பிணைப்புத் தன்மை எப்போது கூடும் என்று சொல்லும் ஃபஜான் விதியைப் பார்த்தேன். வெள்ளி அயனிக்கு வெளிக்கூட்டில் 18 எலக்ட்ரான், முனைவாக்கும் திறன் (எதிரயனியின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்து உருமாற்றுவது) அதிகம், சகப்பிணைப்புத் தன்மை கூடும். அதுவரை சரி.

நான்கு குளோரைடுகளுக்கு நடுவே நெருக்கமான நான்முகி இடைவெளியில் வெள்ளியைத் தாங்குவது அந்தச் சகப்பிணைப்பா, அதன் எலக்ட்ரான் மேகம் எளிதில் உருமாறுவதா?