கதை குறைஞ்ச ஆளோட வாழ்க்கை: உங்கட அனுபவத்தையும் சொல்லுங்க

கல்லடியிலிருந்து:

எங்கட மட்டக்களப்புப் பக்கம் கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பொம்பிள வீட்டுக்கு வாறது. வீடு வளவு மகளுக்குச் சீதனமாப் போற ஊர். மற்ற இடங்களில மருமகள் புது வீட்டில படுற பாட்டை இங்க ஆம்பிள படுறார். அதைப் பற்றி ஆரும் கதைக்கிறதில்ல. மாப்பிள்ளை அகமுகியா, அதாவது ஆக்களோட கனநேரம் இருந்தா களைச்சுப் போற ஆளா இருந்திட்டா இன்னும் கஷ்டம்.

என்ட மனிசன் அப்பிடி ஒராள். படிப்பிக்கிறார். நாள் முழுக்கப் பிள்ளையளோட கதைச்சுப்போட்டு வந்தா கொஞ்ச நேரம் தனிய இருக்கோணும். எங்கட வளவிலயோ அம்மா, அப்பா, பக்கத்தில அக்கா குடும்பம், பின்னுக்குச் சின்னம்மா. பின்னேரத்தில எல்லாரும் விறாந்தையில. இவர் "தேத்தண்ணி குடிச்சிட்டியளா" எண்டு கேட்டுப்போட்டு அறைக்குள்ள போயிருவார். கலியாணம் முடிஞ்ச கையோட அம்மா என்னட்ட, "என்னகா, அவருக்கு நம்மளப் பிடிக்கல்லயோ? சீதனத்தில ஏதும் குறையோ?" எண்டு கேட்டா.

மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல அகமுகி, புறமுகி எண்டு பிரிச்சப்ப, மனசின்ட சக்தி உள்ளுக்குப் போகுதா வெளியில போகுதா எண்டுதான் பார்த்தார். பாசத்தின்ட அளவு அதில வராது. ஒருக்கா கதையோட கதையா எருமைத் தயிர் சாப்பிட ஆசையா இருக்கெண்டு சொன்னன். அடுத்த சனிக்கிழமை மனிசன் பட்டிப்பளைப் பக்கம் போய்ச் சட்டியோட கொண்டு வந்தார். அப்பா ஆசுப்பத்திரியில கிடந்தப்ப ராவு முழுக்கப் பக்கத்தில இருந்ததும் இவர்தான். ரெண்டு பேரும் பெரிசா ஒண்டும் கதைக்கல்ல. அப்பாவுக்கு அதுதான் பிடிச்சிருந்தது. அதுக்குப் பிறகு அம்மா சீதனக் கதை எடுக்கிறதில்ல.

ராச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்க பழைய கல்லடிப் பாலத்தில நடப்பம். அங்க அவர்தான் கதைப்பார், நான் கேட்டுக்கொண்டு போவன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

ராத்தா, எனக்கு வாய்ச்சது வேற மௌனம். எனக்குக் கலியாணம் பேசி முடிச்சிருந்த ஆள். கூட்டாளிமாரோட கடற்கரையில விடிய விடியச் சிரிச்சுக் கதைப்பார். என்னோடயும் நல்லாத்தான் கதைப்பார். கலியாணத்துக்குப் பிறகு எப்பிடி இருப்பம் எண்டு கேட்டா மட்டும் நாள்கணக்கில போன் எடுக்கமாட்டார். நான் கூடக் கூட எடுக்க, அவர் இன்னும் தூரப் போவார்.

இது அகமுகி இல்ல. தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பைப் பற்றி மனநல மருத்துவர் ஜோன் போல்பி சொன்னதை, ஹசான், ஷேவர் எண்ட ரெண்டு உளவியலாளர் 1987இல காதலுக்குப் பொருத்திப் பார்த்தாங்க. நம்பிப் பழகிற ஆக்கள், பயந்து ஒட்டிக்கொள்ற ஆக்கள், நெருக்கம் வந்தா விலகிற ஆக்கள் எண்டு மூணு விதம். நான் ரெண்டாவது, அவர் மூணாவது. ரெண்டும் சேர்ந்தா துரத்திறதும் ஓடுறதும்தான். வாப்பா போய்ப் பேச்சை முறிச்சிட்டு வந்தார்.

உங்கட மனிசன் அறைக்குள்ள போனாலும் பாலத்தில வந்து கதைக்கிறார். எனக்குப் பேசின ஆள் திரும்பி வந்தாலும் அந்தக் கேள்விக்கு மட்டும் வரவே மாட்டார். வித்தியாசம் அதுலதான் இருக்கு.

தம்பிலுவிலிலிருந்து:

அந்தத் தங்கச்சி சொன்னது நூறு வீதம் சரி. நானும் கதை குறைஞ்ச மாப்பிள்ளைதான். எங்களை மாதிரி ஆக்கள் போகக்குள்ள சொல்லிப்போட்டுப் போகோணும். "களைச்சிருக்கன், சாப்பாட்டுக்கு வந்திருவன்" எண்டு ஒரு சொல். என்ட மனிசிக்கு அது போதும்.

இன்னொண்டு. இப்ப சில பெடியன்மார் சாதகத்தோட சேர்த்து, ஆக்களின்ட குணத்தைப் பிரிக்கிற மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனையின்ட 16 வகையில நீங்க எது எண்டும் கேட்கிறாங்க. அதை வைச்சு ஒரு சம்பந்தத்தைத் தள்ளாதீங்க. கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பச் செய்தா வேற வகை வாற ஆக்கள் நிறையப் பேர்.

கல்லடியிலிருந்து:

அண்ணன், மறுகா மாமிக்கு என்ன சொன்னீங்க?

தம்பிலுவிலிலிருந்து:

நேராவே சொன்னன், தங்கச்சி. "மாமி, சத்தம் கூடினா எனக்குத் தலை களைச்சிரும், கோவமெண்டு நினைக்காதீங்க" எண்டன். இப்ப நான் வந்தா ரேடியோவைக் குறைக்கச் சொல்றதே மாமிதான்.