நூலகத்தில் பிள்ளைகளுக்கு இயற்கைத் தேடல் விளையாட்டு: என்ன தேடச் சொல்லலாம்?

கிளைநூலகவாசி:
எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பாக, மே மாதம் ஒரு நாள் காலையில் பிள்ளைகளுக்குத் 'தேடிக் கண்டுபிடி' விளையாட்டு வைக்கலாம் என்று பேச்சு. 6 முதல் 11 வயது வரை உள்ளவர்கள் வருவார்கள். வளாகம் சின்னது. ஒரு வேம்பு, ஒரு பூவரசு, பின்பக்கம் கறிவேப்பிலைச் செடி, சுவரோரம் கொஞ்சம் எருக்கு, அவ்வளவுதான். இதை வைத்து ஒரு மணி நேரம் ஓட்ட முடியுமா? கேட்டால் எல்லோரும் "இலை ஒன்று, கல் ஒன்று, பூ ஒன்று கொண்டுவா" என்றுதான் பட்டியல் தருகிறார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அப்புறம் சுவரேறிக் குதிப்பார்கள்.

வேப்பங்கொட்டை:
கறிவேப்பிலை இருக்கிறதே, வேறென்ன வேண்டும்! கறிவேப்பிலை அழகி என்கிற பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும். புழு சின்னதாக இருக்கும்போது பார்த்தால் பறவை எச்சம் என்றே நினைப்போம், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். "எச்சம் மாதிரி இருக்கும், ஆனால் இலை தின்னும்" என்று சீட்டில் எழுதிப் பாருங்கள். எருக்கில் வெந்தய வரியன் புழு இருக்கலாம், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு. வெயிலுக்குப் புழு எதுவும் கிடைக்காமல் போனால் கடிபட்ட இலையைக் காட்டினாலும் மதிப்பெண் கொடுங்கள்.

அப்புறம் மழை படாத சுவரோரம் பொடிமண் இருந்தால் குழியானை நிச்சயம் இருக்கும். புனல் மாதிரி குழி பறித்து அடியில் ஒளிந்துகொண்டு, சறுக்கி விழுகிற எறும்பைப் பிடிக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் இதைப் பார்த்தால் சாப்பிடக்கூட வரமாட்டார்கள்.

சாக்பீஸ்_டீச்சர்:
நல்ல யோசனை. ஆனால் இதை மட்டும் செய்வதென்றால் பூங்காவிலேயே செய்யலாமே, நூலகம் எதற்கு? சீட்டின் முதல் பாதிக்கு விடை வெளியே, அடுத்த பாதிக்கு விடை புத்தகத்தில் இருக்கட்டும். "குழியானையைக் கண்டுபிடி. அது வளர்ந்தால் என்னவாகும்?" தட்டான் போல நான்கு இறக்கையோடு பறக்கும் என்பதை அவர்களே புரட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். பூச்சி, பறவை, மரம் பற்றிய தமிழ்ப் புத்தகங்களை முந்தின நாளே ஒரு மேசையில் எடுத்து வைத்துவிடுங்கள், அலமாரியில் தேட விட்டால் நூலகர் உங்களை மறுபடி உள்ளே விடமாட்டார். இன்னொன்று, எதையும் பறிக்கக் கூடாது, விழுந்ததை மட்டும் எடுக்கலாம். பட்டையின் மேல் தாளை வைத்து மெழுகு வண்ணத்தால் தேய்த்தால் வேம்பும் பூவரசும் எப்படி வேறுபடுகின்றன என்று தெரியும். எழுதத் தெரியாத வாண்டுகளுக்கும் இது ஏற்றது.

ரெண்டு_வாலு_அப்பா:
அக்னி நட்சத்திரத்தில் பத்து மணிக்கெல்லாம் வெளியே விடாதீர்கள் சார், காலையிலேயே வெளிவேலையை முடித்துவிட்டு வெயில் ஏறியதும் உள்ளே கூட்டிப் போய்விடுங்கள். எருக்குப் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை, அந்த மூலையில் ஒரு பெரியவர் நிற்கட்டும். அரளி எங்காவது இருக்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துவிடுங்கள், அதன் காய் விஷம். பரிசு வேண்டாம் என்பது என் கட்சி, பரிசு என்றதும் மண்ணைப் பார்ப்பதை விட்டுப் பக்கத்துப் பையன் சீட்டைத்தான் பார்ப்பார்கள். பெரியவன் ஒருவன், சின்னவன் ஒருவன் என்று ஜோடி போட்டால் போதும்.

கிளைநூலகவாசி:
எல்லோருக்கும் நன்றி. ஒரே சந்தேகம், பூவரசு இருக்கும்போது பீப்பி செய்யாமல் எப்படி அனுப்புவது? அதற்குப் பச்சை இலை பறித்தாக வேண்டுமே!

சாக்பீஸ்_டீச்சர்:
ஆளுக்கு ஒரு இலை, கடைசியாக, வாசலுக்கு வெளியே. உள்ளே பேப்பர் படிக்கிற தாத்தாக்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.