சந்தன மரத்தின் கதிர்வீச்சு ஏற்பளவைக் கணக்கிட உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வேலூரில் முதுநிலை இயற்பியல் ஆய்வேட்டுக்காக, ஜவ்வாது மலைக் காட்டு மண்ணில் இயற்கையாக உள்ள யுரேனியம், தோரியம் வரிசைத் தனிமங்களைக் காமா நிறமாலைமானியால் அளந்து, அங்கு வாழும் உயிர்களுக்குச் சேரும் கதிர்வீச்சை மதிப்பிட முயல்கிறேன்.

மண்ணில் உள்ள பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) மதிப்பை உயிரியின் உடலில் சேரும் கதிரியக்கச் செறிவாக மாற்றும் விகிதத்தில்தான் சிக்கல். சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் வெளியிட்ட 108ஆம் அறிக்கையின் 12 மாதிரி உயிர்களில் மான், எலி, மண்புழு, தேனீ ஆகியவை உண்டு. மரமென்று இருப்பது பைன் ஒன்றே. சந்தனமோ பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைப் பதித்து உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி என்பதால், பைனுக்குரிய விகிதத்தை அதற்கு அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. சந்தன இலை, பட்டை, கட்டை ஆகியவற்றைத் தனித்தனியே அளந்த தரவு யாரிடமாவது உள்ளதா?

இந்த விகிதத்தில் மண்ணுக்கு உலர் எடையும் உயிரிக்குப் பச்சை எடையும் கொள்வது வழக்கம். மரத்தில் கைவைக்காமல் நான் சேகரித்தவை உதிர்ந்து காய்ந்த இலைகளே. அவற்றைப் பச்சை எடைக்கு மாற்ற, சந்தன இலையின் ஈரப்பத அளவு தேவைப்படுகிறது.

வளை எலிகளின் நுரையீரலுக்கு, மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானால் சேரும் கதிர்வீச்சு அளவைக் கணக்கிட்டவர்களும் வழிமுறையைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.